மரம் தானாக மக்குவதில்லை

எங்கள் வீடு தென்காசி மாவட்டத்துப் புளியரையில், கேரளத்து ஆரியங்காவுக்கு மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஆனி பிறந்து கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் ஆவணி வரை ஓயாது. போன வருடம் அந்தக் காற்றில் கொல்லை மாமரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. விறகுக்கு ஆகும் என்று மதிலோரம் தள்ளி வைத்தோம், அப்படியே மறந்துபோனோம். இந்த வருடம் சாரல் ஓய்ந்த பிறகு எடுத்துப் பிளந்தால் கோடாலிச் சத்தமே மாறியிருந்தது. ‘ணங்’கென்று கேட்க வேண்டியது ‘பொத்’தென்று கேட்டது. “உக்கிப்போச்சு. இது அடுப்புல நின்னு எரியாது” என்று பெரியம்மா ஒதுக்கிவிட்டார்.

ஒதுக்கியதில் ஒரு துண்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பிளந்த முகத்தில் சில இடங்கள் வெளுத்திருந்தன, சில இடங்கள் மரத்தின் நிறத்திலேயே இருந்தன. நடுவே கறுப்பு மையால் இழுத்தது போல மெல்லிய வளைகோடுகள். தாலுகா வரைபடத்தில் ஊர் எல்லைகளைப் பிரித்துக் காட்டியிருப்பார்களே, அச்சு அசல் அப்படித்தான். அந்தக் கோடுகளை வரைந்தவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு சொல் விஷயம். மரம் கெட்டுப்போவதைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை: மக்கியது, உக்கியது, இற்றது, உளுத்தது. உளுத்தது என்பதை விட்டுவிடலாம், அது வண்டும் புழுவும் குடைந்த கதை. மற்ற எல்லாவற்றிலும் எழுவாய் மரம்தான். ‘குழந்தை தூங்கியது’ என்பது போல ‘மரம் மக்கியது’ என்கிறோம். மரம் தானாகச் செய்துகொண்ட காரியம் மாதிரி ஒலிக்கிறது. ஆனால் செத்த மரம் எதையும் செய்வதில்லை. எங்கள் பழைய வீட்டு உத்திரமும் செத்த மரம்தான். தாத்தா காலத்திலிருந்து கூரைக்குக் கீழே காய்ந்த நிலையில் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. அதே மரத்தை மதிலோரம் மழையில் போட்டிருந்தால் நான்கைந்து சாரலுக்கு மேல் தாங்கியிருக்காது. வெளியே கிடப்பதை யாரோ வந்து தின்கிறார்கள், கூரைக்குக் கீழே அவர்களால் வாழ முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். தின்பவர்களில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள்.

பூஞ்சை என்றதும் காளான் நினைவுக்கு வரும். காளான் என்பது பூஞ்சையின் காய் மாதிரி. மாங்காயைப் பார்த்து அதுவே மாமரம் என்று யாரும் நினைக்க மாட்டோம். பூஞ்சையின் உண்மையான உடம்பு இழைகளால் ஆனது. கட்டைக்குள்ளும் சருகுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் அந்த இழைகள் கிளைவிட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஓர் இழையின் பருமன் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர். மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்துப் பதினைந்து இழைகளை ஒட்டி அடுக்கினால்தான் நம் தலைமுடி ஒன்றின் பருமன் வரும்.

இவற்றில் ஒரு பெரும் கூட்டம் காளானே விடுவதில்லை. சருகின் மேல் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாத காம்பை நிறுத்தி, அதன் நுனியில் விதைகளைக் கோத்து, காற்றிலோ மழைத்துளியிலோ அனுப்பிவிட்டு வேலையை முடித்துக்கொள்கின்றன. விதை என்று வசதிக்காகச் சொல்கிறேன், சரியான பெயர் ஸ்போர். தமிழ்ப் பாடநூல்களில் வித்து என்று இருக்கும். இந்தக் கூட்டத்துக்குத்தான் நுண்பூஞ்சை என்று பெயர். ஊறுகாய் ஜாடியின் மேல் படரும் பூசணமும், மழைக்காலத்தில் தோல் செருப்பில் பூக்கும் பச்சைப் பொடியும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான். வீட்டில் இவை தொந்தரவு, காட்டில் இவை இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

பூஞ்சை செடி அல்ல. செடிகொடிகளின் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது, இறால் ஓட்டிலும் வண்டின் முதுகிலும் இருக்கிற அதே பொருள். வெயிலை வைத்து உணவு சமைக்கவும் பூஞ்சைக்குத் தெரியாது. அது நம்மைப் போல மற்றவற்றைத் தின்றுதான் பிழைக்க வேண்டும். ஆனால் தின்கிற முறை தலைகீழ். நாம் உணவை உள்ளே போட்டுப் பிறகு செரிக்கிறோம். பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. செரிக்கிற நொதிகளை இழை நுனியிலிருந்து வெளியே விட்டு, உணவு கிடக்கிற இடத்திலேயே கரைத்து, கரைந்ததை இழைச் சுவர் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. சருகுக் குவியலைக் கிளறும்போது அடியில் ஈரமாக, வெதுவெதுப்பாக, ஒரு மண்வாசனையோடு இருக்குமே, அங்கே செரிமானம் திறந்தவெளியில் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த முறைக்கு ஈரம் கட்டாயம். நொதி நீரில்தான் பரவ முடியும். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வேலையைத் தொடங்காது. 30 விழுக்காட்டைத் தாண்டினால் கொண்டாட்டம். தாத்தா காலத்து உத்திரம் பிழைத்த காரணம் இதுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. கட்டை முழுக்க நீரில் மூழ்கிக் கிடந்தால் காற்று கிடைக்காமல் பெரும்பாலான பூஞ்சைகள் முடங்கிவிடும். காயாமலும் மூழ்காமலும் நனைந்துகொண்டே இருக்கிற நிலைதான் அவற்றுக்கு வேண்டும். எங்கள் ஊரின் சாரல், ஓங்கிப் பெய்யாமல் நாள் முழுக்கத் தூவிக்கொண்டே இருக்கிற அந்த மழை, அளவெடுத்துத் தைத்தது போல அதைத்தான் தருகிறது.

சரி, மரத்தில் தின்ன என்ன இருக்கிறது?

வைக்கோலைக் கலந்து குழைத்த மண்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் சுவருக்கு இழுவை தருகிறது, களிமண் வைக்கோலைச் சூழ்ந்து கெட்டிப்படுத்துகிறது. மரத்தின் செல்சுவரும் இப்படித்தான். வைக்கோலின் இடத்தில் செல்லுலோஸ், மரத்தின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு. அதோடு ஒட்டி ஹெமிசெல்லுலோஸ் என்ற கிளைத்த சர்க்கரைச் சங்கிலி. களிமண்ணின் இடத்தில் லிக்னின், கால் பங்கை ஒட்டி இருக்கும். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. வெட்டத் தெரிந்தவருக்கு அது வெறும் சர்க்கரை. ஆனால் அதைத் தொட வேண்டுமானால் லிக்னினைக் கடக்க வேண்டும், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. லிக்னினில் ஒரே மாதிரி கண்ணிகள் வரிசையாக இல்லை. பென்சீன் வளையங்கள் பல விதமாக, ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கின்றன. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று வேலை செய்கிற சாதாரண நொதிக்கு இங்கே இடமில்லை, ஒவ்வொரு பூட்டும் வேறு.

சில பூஞ்சைகள் இதற்குச் சாவியே தேடுவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடைத் துணைக்கு வைத்து லிக்னினை அங்கங்கே ஆக்சிஜனேற்றம் செய்து சிதறடிக்கின்றன. முடியை வெளுக்கப் பயன்படுத்துகிற அதே பெராக்சைடுதான். இதைச் செய்கிற லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதியை 1983இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஃபேனரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையில் கண்டுபிடித்தன. லிக்னின் போனதும் எஞ்சுகிற செல்லுலோஸ் வெள்ளையாகத் தெரியும். என் மாமரத் துண்டில் இருந்த வெளுப்பு அதுதான். இதை வெள்ளை அழுகல் என்கிறார்கள். மரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் விடுகிற பூஞ்சைகளே பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கின்றன. காளான் பெரிதாக இருந்தாலும் உள்ளே தின்கிற இழை கண்ணுக்குத் தெரியாததுதான்.

இன்னொரு வகை லிக்னினை லேசாக மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது, செல்லுலோஸை மட்டும் நொறுக்கி எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுகிற மரம் பழுப்பேறி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் அமுக்கினால் பொடியாகும். இது பழுப்பு அழுகல். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் அதிகம், நம் பக்கத்து அகலிலை மரங்களில் குறைவு. அதனால் இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

மூன்றாவது, மென் அழுகல். இது பெரும்பாலும் நுண்பூஞ்சைகளின் ராஜ்யம். 1954இல் ஜே. ஜி. சேவரி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இந்தப் பெயரைக் கொடுத்தார். தொழிற்சாலைகளில் வெந்நீரைக் குளிர்விக்கும் கோபுரங்களுக்குள் மரப்பட்டிகள் அடுக்கியிருப்பார்கள். ஓயாமல் நனைகிற அந்தப் பட்டிகளின் மேற்பரப்பு களிபோல மென்மையாகிக்கொண்டே வந்தது, காளான் ஒன்றும் கண்ணில் படவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோது, இழைகள் செல்சுவரின் உள்ளுக்குள்ளேயே புகுந்து, செல்லுலோஸ் நார் ஓடுகிற திசையில் சின்னச் சின்னப் பொந்துகளைக் குடைந்துகொண்டு போவது தெரிந்தது. கீட்டோமியம் போன்ற நுண்பூஞ்சைகளின் வேலை அது. மற்ற அழுகல்களைச் செய்கிறவர்கள் தாங்காத ஈரத்திலும் இவை தாங்கும். வயல் வரப்பில் நட்ட வேலிக்கால் எங்கே இற்றுப்போகிறது என்று பாருங்கள். மேலேயும் இல்லை, ஆழத்திலும் இல்லை, மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஒரு சாண் உயரத்தில்தான். மேலே ஈரம் போதாது, கீழே காற்று போதாது. அந்த ஒரு சாண் இவற்றுக்கு வாய்த்த இடம்.

இப்போது பெரியம்மா சொன்னதற்கு வருகிறேன். உக்கிய விறகு ஏன் அடுப்பில் நிற்காது? எரிய வேண்டிய கார்பனை ஏற்கெனவே பூஞ்சை தின்றுவிட்டது. அதில் பெரும்பங்கு மூச்சுக்காற்றாக, கார்பன் டைஆக்சைடாக வெளியே போய்விட்டது. தூக்கிப் பார்த்தாலே கட்டை லேசாக இருக்கும். அடுப்பில் ஒரு மணி நேரத்தில் நடக்க வேண்டியது மதிலோரத்தில் ஒரு வருடமாக, தீயில்லாமல் நடந்திருக்கிறது.

அந்தக் கறுப்புக் கோடுகள்? ஒரு கட்டைக்குள் ஒரே பூஞ்சை தனிக்குடித்தனம் செய்வது அபூர்வம். பல பூஞ்சைகள் ஆளுக்கொரு பக்கமாக நுழைகின்றன. இரண்டு எதிர்ப்படுகிற இடத்தில் தம் எல்லையைக் காக்க இழைகளை நெருக்கிப் பின்னி, மெலனின் என்ற கறுப்பு நிறமியை ஏற்றிச் சுவர் எழுப்புகின்றன. நம் தலைமுடிக்குக் கறுப்புத் தருவதும் மெலனின்தான். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு தனிப் பூஞ்சைகள் சந்தித்தாலும் இப்படி எல்லை கட்டிக்கொள்வது உண்டு. சுவர் கட்டைக்குள் பலகை போல நிற்கிறது. நாம் குறுக்கே பிளக்கும்போது அதன் விளிம்பு கோடாகத் தெரிகிறது. தச்சுவேலை செய்பவர்களில் சிலர் இந்தக் கோடுகளுக்காகவே மா போன்ற மரங்களைப் பாதி அழுகும்வரை விட்டுவைத்து, பிறகு உலர்த்தி மரக்கிண்ணம் கடைகிறார்கள்.

கட்டைக்குள் சர்க்கரை ஏராளம். தட்டுப்பாடு நைட்ரஜனுக்கு. விவசாயத்தில் தழைச்சத்து என்போமே, அது. மரக்கட்டையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 300, 400 பங்கு கார்பன் என்பது சாதாரணம். சோறு மலைபோல் இருக்கிறது, பருப்பு ஒரு கரண்டிதான். இதைச் சமாளிக்கச் சில பூஞ்சைகள் வேட்டைக்கே இறங்குகின்றன. மண்ணிலும் சருகிலும் நெளிகிற நூற்புழுக்களைப் பிடிக்க ஆர்த்ரோபாட்ரிஸ் என்ற நுண்பூஞ்சை ஒட்டும் வலையை இழைகளாலேயே பின்னி வைக்கிறது. வைக்கோலில் வளர்த்துச் சந்தையில் விற்கிறார்களே, அந்தச் சிப்பிக்காளானின் இழைகளும் நூற்புழுவை நஞ்சால் முடக்கி, உள்ளே புகுந்து தின்கின்றன. எனக்கு இது தெரிந்தபோது நாள் முழுக்க வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

கட்டையைவிடச் சருகின் கதை வேகமானது, ஆட்களும் அதிகம். ஆரியங்காவிலிருந்து தென்மலை நோக்கிப் போகிற வழியில், தேக்குத் தோட்டத்தின் சருகும் பசுமைமாறாக் காட்டின் சருகும் அடுத்தடுத்துக் கிடைக்கும். தேக்கிலை பெரிது, சொரசொரப்பு. செந்துருணி சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்த செங்குறிஞ்சி மரத்தின் இலை சிறிது, தோல் போலத் தடிப்பானது. ஒவ்வொன்றையும் தின்ன வருகிறவர்கள் வேறு வேறு.

தின்பது இலை விழுந்த பிறகு தொடங்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் இலை மரத்தில் பச்சையாக இருக்கும்போதே சில பூஞ்சைகள் உள்ளே குடியிருக்கின்றன, நோய் எதுவும் தராமல், சும்மா. இலை பழுத்து விழுந்ததும் முதல் பந்தி அவற்றுக்குத்தான். கிளாடோஸ்போரியம் போன்றவை இலையின் மேற்பரப்பில் காத்திருக்கும். எளிதாகக் கரைகிற சர்க்கரையைப் பிடிக்க மியூக்கர் வகைகள் ஓடிவரும். இவை விரைவாக வளர்ந்து விரைவாக முடிந்துவிடும். பிறகு செல்லுலோஸ் வெட்டுபவை. லிக்னினைக் கையாள்பவை பெரும்பாலும் கடைசியில். காட்டுச் சருகைப் புரட்டினால் பழுப்பு இலையில் வெள்ளைத் திட்டும் அதைச் சுற்றிக் கறுப்புக் கரையும் இருப்பதைப் பார்க்கலாம். மாமரத் துண்டில் பார்த்த அதே எல்லைச் சண்டை, இங்கே ஓர் இலை அகலத்தில்.

ஒரு பூஞ்சையையாவது முகம் தெரிந்து அறிமுகம் செய்யாவிட்டால் இது முழுமையாகாது. பெல்ட்ரானியா ராம்பிகா. வெப்பநாட்டுச் சருகில் சர்வசாதாரணமாகக் கிடைப்பது, 1882இலேயே பெயர் பெற்றது. இலையின் மேல் கறுப்பு முட்கள் நேராக நிற்கும், அவற்றுக்கு அருகில் காம்பு, காம்பின் நுனியில் விதை. விதையின் உருவம்தான் அதிசயம். கோலத்தில் போடுகிற சாய்சதுரம் போன்ற உடம்பு, ஒரு முனையில் கூரிய வால், நடுவில் வெளிறிய ஒரு பட்டை, அரைஞாண் கட்டியது போல. நீளம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவுதான். காலில் மிதித்து நடக்கிற சருகில் இவ்வளவு திருத்தமான ஒரு வேலைப்பாடு இருக்கிறது.

இந்தக் கூட்டத்தை ஆராய்ந்தவர்களில் சி. வி. சுப்பிரமணியன் முக்கியமானவர். 1924இல் எர்ணாகுளத்தில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1965இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். 1950களில் இவர் புதிய பூஞ்சைகளுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் நமக்கு உடனே பொருள் புரிந்துவிடும். வளைந்த விதை உடையது வக்ரபீஜா. சுருண்ட கூந்தல் போல முடி உடையது குடிலகேசா. இரண்டு விதமான விதை தருகிற ஒன்றுக்கு த்வயபீஜா சுந்தரா, அழகிய ஈர்விதையாள் என்று சொல்லலாம். லத்தீனும் கிரேக்கமும் நிறைந்திருந்த பட்டியலில் இந்தப் பெயர்கள் இன்றும் உலகம் முழுவதும் அச்சாகின்றன. வக்ரபீஜாவும் குடிலகேசாவும் பின்னாளில் வேறு பேரினங்களுக்குள் சேர்ந்துவிட்டன.

பெயர் விஷயத்தில் ஒரு பழைய குழப்பமும் உண்டு. ஒரே பூஞ்சை பாலினச் சேர்க்கை இல்லாமல் விதை விடும்போது ஓர் உருவமும், பாலினச் சேர்க்கையால் விதை விடும்போது வேறோர் உருவமும் காட்டும். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் தனித்தனிப் பெயர் வைத்தார்கள், தெரிந்த பிறகும் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். 2011இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாட்டில்தான் ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் என்று முடிவானது. பழைய நூல்களைப் படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உலகில் 22 லட்சம் முதல் 38 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது 2017இல் வந்த கணிப்பு. இதுவரை பெயர் பெற்றவை ஏறக்குறைய ஒன்றரை லட்சம். மிச்சத்தில் எத்தனை நம் மலைச்சருகில் கிடக்கின்றனவோ.

அடுத்தது, நான் மிகவும் நேசிக்கிற கூட்டம்: ஓடைக்குள் வாழ்பவை. பாலருவிக்கு மேலேயும் குற்றாலத்து மலையோடைகளிலும் பாறை இடுக்குகளில் வெள்ளை நுரை தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே குளிக்கிற இடத்துச் சோப்பு நுரையைச் சொல்லவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்திலும், ஊறிய இலைகளிலிருந்து கசிகிற பொருள்களால் தானாக நுரை உண்டாகும். 1942இல் இங்கிலாந்தில் சி. டி. இங்கோல்டு ஓர் ஓடையில் ஊறிக் கிடந்த இலைகளை ஆராய்ந்து, நான்கு கை நீட்டிய விதைகளை விடுகிற பூஞ்சைக் கூட்டம் ஒன்றை உலகுக்குக் காட்டினார். நெருஞ்சிமுள்ளை நினைத்துக்கொள்ளுங்கள், எப்படிப் போட்டாலும் மூன்று முள் தரையில் ஊன்றும். ஓடுகிற நீரில் உருண்டை விதை இலையில் தங்காமல் அடித்துக்கொண்டு போய்விடும். நான்கு கை விதைக்கு ஏதாவது மூன்று கை பட்டுப் பற்றிக்கொள்ளும். அதே கைகளால்தான் இவை நுரைக் குமிழ்களிலும் சிக்கிக்கொள்கின்றன. அதனால் ஓடையில் என்னென்ன பூஞ்சை இருக்கிறது என்று அறிய ஆய்வாளர்கள் நுரையை ஒரு கரண்டி அள்ளிவந்து பார்க்கிறார்கள். இங்கோல்டு 104 வயது வரை வாழ்ந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இந்தக் கூட்டத்தை மங்களூர்ப் பல்கலைக்கழகத்தினர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள்.

ஓடையில் விழுந்த இலையைப் பூச்சிக் குஞ்சுகள் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் தீண்டுவதில்லை. பூஞ்சை படர்ந்து இலை மென்மையான பிறகே தின்கின்றன. வெறும் சோற்றில் குழம்பு விழுந்த மாதிரி, பூஞ்சை ஏறிய இலையில்தான் சத்தும் இருக்கிறது, மெல்லவும் முடிகிறது. அந்தக் குஞ்சுகளை மீன் தின்கிறது. கரையிலும் இதே கதைதான். கரையான் புற்றுக்குள் சருகையும் மரத்தையும் மென்று அடுக்கி, அதில் பூஞ்சை பயிரிட்டுத் தின்கிறது. மழைக்குப் பிறகு புற்றின் மேல் முளைக்கிறதே புற்றுக்காளான், அது கரையானின் வயலிலிருந்து எட்டிப் பார்ப்பது.

நம் கைக்கு வந்த நுண்பூஞ்சைகளும் உண்டு. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற பெயர் மனப்பாடம். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைநேர்த்தி செய்தால் வேரழுகலும் வாடல் நோயும் கட்டுப்படும் என்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. பாக்கெட்டில் வருகிற அந்தப் பச்சைப் பொடியின் சொந்த ஊர் அழுகிய கட்டையும் மண்ணும்தான். மற்ற பூஞ்சைகளின் மேல் சுற்றிக்கொண்டு அவற்றின் சுவரைக் கரைத்துத் தின்கிற குணம் அதற்கு உண்டு. அந்தக் குணத்தைத்தான் நாம் விலைக்கு வாங்குகிறோம். அதன் உறவு இன்னொன்று, டிரைக்கோடெர்மா ரீசியை. இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் அழுகிக்கொண்டே இருந்தன. காரணம் தேடியவர்கள் பிரித்தெடுத்த பூஞ்சை இது. துணியைத் தின்பதும் மரத்தின் செல்லுலோஸைத் தின்பதும் ஒரே வேலைதானே. அந்த ஒரு மாதிரியின் வாரிசுகளைத்தான் இன்றைக்கும் செல்லுலேஸ் நொதி தயாரிக்கிற ஆலைகளில் வளர்க்கிறார்கள். ஜீன்ஸ் துணியை வெளுத்துப் பழசாகக் காட்டுவதற்கும், பருத்தித் துணியின் சிலும்பலை எடுப்பதற்கும் செல்லுலேஸ் போகிறது.

தொந்தரவு தருகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணவாய்ச் சாலையில் ரப்பர் மரத்தடி ஏற்றிய லாரிகள் போகும். வெட்டி நான்கைந்து நாளில் தடியின் வெட்டுமுகம் நீலக்கறுப்பாகக் கறைபடுவதைக் காணலாம். லாசியோடிப்ளோடியா தியோப்ரோமே என்ற நுண்பூஞ்சையின் கறுத்த இழைகள் அந்த நிறம் தருகின்றன. இது மரத்தின் சுவரைத் தின்பதில்லை, ரப்பர் மரம் சேமித்து வைத்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தேடிப் போகிறது. அதனால் பலகையின் வலு பெரிதாகக் குறையாது, ஆனால் பார்க்க நன்றாக இராது, விலை விழும். வெட்டியவுடன் அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, உலர்த்திவிடுகிறார்கள். பாலுக்காக 25, 30 ஆண்டு வளர்த்த மரம், அதன் பிறகு நாற்காலியாவதா கறைக்கட்டையாவதா என்பது அந்தச் சில நாள்களில் முடிவாகிவிடும்.

இனி, வீட்டிலேயே பார்ப்பது எப்படி? காட்டுக்குப் போக வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் சருகுகூட எடுக்கக் கூடாது, அவசியமும் இல்லை. கொல்லையில் மா, பலா, புன்னை எதன் அடியிலிருந்தாவது ஒரு பருவம் கிடந்த பழுப்புச் சருகு நான்கும், பென்சில் பருமனில் பட்டை உரிந்த சுள்ளி இரண்டும் போதும். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் டிஷ்யூ காகிதத்தை மடித்துப் போட்டு, கொதித்து ஆறிய நீரால் நனையுங்கள். நீர் தேங்கக் கூடாது, பிழிந்த துணி அளவுக்கு ஈரம். சருகை லேசாக அலசிவிட்டு மேலே பரப்பி மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை திறந்து காற்று காட்டி, காய்ந்திருந்தால் கொஞ்சம் தெளியுங்கள். ஆய்வுக்கூடங்களிலும் இதே முறைதான், டப்பாவுக்குப் பதில் கண்ணாடித் தட்டு.

முதல் வாரம் வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்து, மேலே குண்டூசித் தலைகள் போலக் கறுப்புப் புள்ளிகள் நிற்கலாம், மியூக்கர் கூட்டம். பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது தானே அடங்கும். அப்புறம் எங்காவது பச்சைத் திட்டு தெரிந்தால் அது டிரைக்கோடெர்மாவாக இருக்கலாம். நாம் தேடுகிறவர்கள் மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் வருவார்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிற 10 மடங்கு லென்ஸால் இலை நரம்பை ஒட்டிப் பாருங்கள். மூன்று நாள் தாடி போலக் கறுப்பு முட்கள் நின்றால் அந்த இடம்தான். செல்லோடேப்பின் ஒட்டும் பக்கத்தை அங்கே மெல்ல அழுத்தி எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு நீரின் மேல் ஒட்டினால் முட்களும் விதைகளும் அதில் வந்துவிடும். நுண்ணோக்கி இல்லாவிட்டால் ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு வடிவமைத்த ஃபோல்ட்ஸ்கோப் போதும். காகிதத்தை மடித்துச் செய்கிற அது 140 மடங்கு பெரிதாக்கும், சாய்சதுர விதையின் வால் வரை தெரியும். நான் அதில்தான் முதன்முதலாகப் பெல்ட்ரானியாவைப் பார்த்தேன், எங்கள் மாமரத்துச் சருகிலேயே, இருபத்து நான்காம் நாள். பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “காத்தாடி மாதிரி இருக்கு” என்றார்.

டப்பாவைத் திறக்கும்போது முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காதீர்கள், விதைகள் கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வெளித் திண்ணையில் வைத்துப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் கழுவி ஊற்ற வேண்டாம், சருகை எடுத்த அதே மரத்தடியில் கொட்டிவிட்டால் மிச்ச வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.